ஒட்டுகிறது, ஆனால் தடுக்கவில்லை: வளர்ச்சி ஏற்பிக்கான பெப்டைடுகளில் பழுது கண்டுபிடிப்பது எப்படி

புற்றுநோய்ச் செல்லின் வளர்ச்சி ஏற்பியை (வளரச் சொல்லும் சைகையை வாங்கும் மேற்பரப்புப் புரதத்தை) மறிக்க, பெப்டைடு என்ற சிறு அமினோ அமிலச் சங்கிலியை வடிவமைக்கிறோம். கணினித் திரையில் பார்த்தால் அது ஏற்பியின் பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும். அதையே தயாரித்துச் செல் மீது ஊற்றினால் ஒன்றும் நடக்காது. சில சமயம் நடக்கக் கூடாதது நடக்கும். உடனே கை பரபரக்கும்: வரிசையில் அந்த லைசினை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டால் என்ன? கொஞ்சம் பொறுங்கள். வரிசையை மாற்றுவதற்கு முன், கோளாறு எந்தப் படியில் இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். தூளிலா, ஒட்டுதலிலா, ஏற்பியிலா, செல்லிலா, உடலிலா? நான் பார்த்த தோல்விகளில் பலவற்றுக்கு வடிவமைப்பு காரணமே இல்லை.

அறிகுறிகளுக்குப் போகுமுன் இடத்தை நினைவில் வைத்துக்கொள்வோம். ஈஜிஎஃப்ஆர் என்கிற மேல்தோல் வளர்ச்சிக் காரணி ஏற்பிக்குச் செல்லுக்கு வெளியே நான்கு பகுதிகள். ஈஜிஎஃப் 53 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதம். அது முதல் பகுதிக்கும் மூன்றாம் பகுதிக்கும் நடுவே வந்து பற்றிக்கொள்கிறது. அதுவரை நான்காம் பகுதியோடு பிணைந்து மடங்கிக் கிடந்த இரண்டாம் பகுதியின் கை அப்போது நீள்கிறது. இரண்டு ஏற்பிகள் கைகோத்து டைமர் ஆகின்றன. செல்லுக்கு உள்ளே இரு ஏற்பிகளின் கைனேஸ்களும் (பாஸ்பேட்டை ஒட்டிச் சைகை அனுப்பும் நொதிப் பகுதிகள்) சமச்சீரில்லாமல் ஒட்டி, ஒன்று மற்றொன்றை எழுப்பிவிடுகிறது. ஆக, ஈஜிஎஃப் உட்காரும் இடம், கைகோக்கும் இடம், சவ்வை ஒட்டிய உட்பகுதி என்று பெப்டைடு மறிக்கக்கூடிய இடங்கள் மூன்று. அதே குடும்பத்து ஏற்பியான ஹெர்2 விஷயம் வேறு. அதற்கென்று தெரிந்த வளர்ச்சிக் காரணி எதுவும் கிடையாது, கை எப்போதும் நீண்டபடியே இருக்கும். அதனால் ஹெர்2-க்குப் ‘போட்டியிட்டு இடத்தைப் பிடிக்கும்’ பெப்டைடு என்ற திட்டமே பொருந்தாது. பெர்டுசுமாப் அதன் இரண்டாம் பகுதியையும் டிராஸ்டுசுமாப் நான்காம் பகுதியையும் பிடிக்கும் ஆன்டிபாடி மருந்துகள்.

அறிகுறி: போன பேட்ச் வேலை செய்தது, இந்தப் பேட்ச் செய்யவில்லை

முதலில் தூளைச் சந்தேகியுங்கள். மாஸ் ஸ்பெக் (மூலக்கூறின் எடையை அளக்கும் கருவி) முடிவை மறுபடி எடுத்து, எதிர்பார்த்த எடையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பாருங்கள். 16 டால்டன் கூடியிருந்தால் பெரும்பாலும் மெத்தியோனின் ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கிறது. 17 குறைந்திருந்தால், முனையில் குளூட்டமைன் இருக்கிறதா பாருங்கள். அது சுருண்டு வளையமாகியிருக்கலாம். 18 குறைந்து, வரிசையில் ஆஸ்பார்டிக் அமிலத்துக்குப் பிறகு கிளைசின் வந்தால் ஆஸ்பார்டிமைடு. இந்தக் கடைசி ஆசாமி மோசமானவர். நீர் சேர்ந்து வளையம் திறக்கும்போது முதுகெலும்பு தவறான பக்கமாகத் திரும்பிவிடும், எடையோ பழையபடி சரியாகவே காட்டும். எடை சரி என்பதால் மூலக்கூறும் சரி என்று முடிவு கட்ட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

டைசல்பைடு பிணைப்புகளும் இதே ரகம். ஆறு சிஸ்டீன்கள் இருந்தால் மூன்று சோடிகளாகச் சேர 15 வழிகள் உண்டு, பதினைந்துக்கும் எடை ஒன்றே. ஈஜிஎஃப் வடிவத்தைப் பின்பற்றிச் செய்த பெப்டைடு என்றால் இதைச் சோதிக்காமல் மேலே போகாதீர்கள். எச்.பி.எல்.சி. என்ற பிரித்தறியும் கருவியில் பழைய பேட்சையும் புதியதையும் கலந்து ஓட்டுங்கள். இரண்டு முகடுகள் தெரிந்தால் பதில் கிடைத்துவிட்டது.

அடுத்தது உப்பு. சுத்திகரிப்பில் பயன்படும் டிரைஃபுளூரோஅசிட்டிக் அமிலம் (டி.எஃப்.ஏ.) ஒவ்வொரு கார முனையிலும் ஒட்டிக்கொண்டு வரும், ஒன்றுக்கு 114 டால்டன் கணக்கில். 1,800 டால்டன் பெப்டைடில் ஐந்து கார முனைகள் இருந்தால், தூளின் எடையில் ஏறத்தாழ 24 சதவீதம் இந்த உப்புதான்; ஈரம் தனி. ‘தூய்மை 98 சதவீதம்’ என்று குப்பியில் எழுதியிருப்பது மற்ற பெப்டைடுகளோடு ஒப்பிட்ட தூய்மை. தூளில் எவ்வளவு பெப்டைடு இருக்கிறது என்ற கணக்கு அதில் வராது. தராசை நம்பிச் செறிவு போட்டால் பேட்சுக்குப் பேட்ச் முடிவு ஆடும். டிரிப்டோஃபானோ டைரோசினோ இருந்தால் 280 நானோமீட்டரில் அளந்துவிடுங்கள், இல்லையென்றால் அமினோ அமிலப் பகுப்பாய்வு. செல் சோதனைக்குப் போகும் தூளை அசிட்டேட் அல்லது ஹைட்ரோகுளோரைடு உப்பாக மாற்றிக்கொள்வது நல்லது, ஏனெனில் டி.எஃப்.ஏ.வே செல்லின் வளர்ச்சியைப் பாதிக்கலாம்.

அறிகுறி: ஃபாஜ் தேர்வில் திரும்பத் திரும்ப வந்த வரிசை, தனிப் பெப்டைடாகச் செய்தால் ஒட்டவே மாட்டேன் என்கிறது

பாக்டீரியாவைத் தாக்கும் ஃபாஜ் வைரஸ்களின் மேல் பலவகைப் பெப்டைடுகளை ஏற்றி, இலக்கில் ஒட்டுபவற்றை மட்டும் பிடித்துப் பெருக்கும் முறை இது. 1985-இல் ஜார்ஜ் ஸ்மித் தொடங்கிவைத்தார், 2018-இல் நோபல் பரிசும் கிடைத்தது. முறையில் குற்றமில்லை. ஆனால் ஃபாஜ் எதற்காக ஜெயித்தது என்று அது சொல்வதில்லை. உங்கள் ஏற்பியைப் பிடித்ததால் ஜெயித்திருக்கலாம். கிண்ணத்தின் பிளாஸ்டிக்கைப் பிடித்ததாலும் இருக்கலாம், பாக்டீரியாவுக்குள் மற்றவற்றைவிட வேகமாகப் பெருகியதாலும் இருக்கலாம். ஹிஸ்டிடின், அலனின், ஐசோலூசின், டைரோசின், புரோலின், ஆர்ஜினின், ஹிஸ்டிடின் என்ற ஏழு எழுத்து வரிசை இதில் பேர்போனது. தொடர்பே இல்லாத பல இலக்குகளுக்கு எதிரான தேர்வுகளில் அது தலைகாட்டியிருக்கிறது. அந்தக் குறிப்பிட்ட ஃபாஜின் மரபணுவில் இருந்த ஒரு மாற்றம் அதை வேகமாகப் பெருகவைத்தது என்பது பிறகுதான் தெரிந்தது. டிரிப்டோஃபான் மலிந்த வரிசை வந்தால் பாலிஸ்டைரீன் மீது சந்தேகம் வையுங்கள்.

சோதனை எளிது: ஏற்பி பூசாத வெறும் கிண்ணத்தில் அதே ஃபாஜை ஊற்றிப் பாருங்கள். ஏற்பியே இல்லாமல், பெருக்கம் மட்டும் நடத்தி மூன்று சுற்று ஓட்டியும் பாருங்கள். அங்கும் உங்கள் வரிசை மேலே வந்தால் அதை மறந்துவிடலாம்.

உண்மையாகவே ஏற்பியைப் பிடிக்கும் வரிசையும் தனியே தோற்கக்கூடும். எம்13 ஃபாஜின் நுனியில் அந்தப் பெப்டைடு மூன்று முதல் ஐந்து பிரதிகளாக நிற்கிறது. ஒரு கை நழுவினாலும் மற்றக் கைகள் பிடித்துக்கொள்ளும். தனியாக வந்ததும் அந்தக் கூட்டுப்பலம் போய்விடுகிறது. இன்னொன்று, ஃபாஜில் பெப்டைடின் கார்பாக்சில் முனை ஃபாஜோடு இணைந்திருந்தது, அங்கே மின்னூட்டம் இல்லை. நீங்கள் தொகுத்ததில் முனை திறந்திருந்தால் ஓர் எதிர்மின்னூட்டம் புதிதாக முளைத்திருக்கும். முனையை அமைடாக மூடி, ஃபாஜில் இருந்த அதே இணைப்புத் துண்டையும் சேர்த்துத் தொகுங்கள். ஒளிரும் சாயம் மாட்ட வேண்டுமென்றால் அதை இந்தப் பக்கம் மாட்டுங்கள். அமினோ முனையில் மாட்டியதால் மட்டுமே கைவிடப்பட்ட ஒரு வரிசையை நானே குப்பையில் போட்டிருக்கிறேன், எட்டு மாதம் கழித்து அதைத் தேடி எடுத்தேன்.

அறிகுறி: எஸ்.பி.ஆர். கருவியில் அருமையான பிணைப்பு, ஆனால் ஈஜிஎஃப்பை அசைக்க முடியவில்லை

மூன்று காரணங்களை வரிசையாகப் பாருங்கள்.

எஸ்.பி.ஆர். கருவி, ஏற்பி பூசிய சில்லின் மேல் பெப்டைடு ஒட்டுவதை ஒளியால் அளப்பது. அந்தச் சில்லின் மேற்பரப்பு பெரும்பாலும் கார்பாக்சிமெத்தில் டெக்ஸ்ட்ரான். எதிர்மின்னூட்டம் நிறைந்த பஞ்சு. ஆர்ஜினின், லைசின் நிறைந்த பெப்டைடு அதில் தானாகவே போய் ஒட்டும். உப்பை 150-இலிருந்து 300 மில்லிமோலாருக்கு உயர்த்துங்கள். சிக்னல் சரிந்தால் பிடித்துக்கொண்டிருந்தது மின்னூட்டம். அதே அமினோ அமிலங்களை வரிசை கலைத்துச் செய்த கட்டுப்பாட்டுப் பெப்டைடும் ஒட்டினால் வழக்கு முடிந்தது. வரிசை கலைத்த பெப்டைடு இல்லாத தரவை நான் நம்புவதில்லை, அது யாருடையதாக இருந்தாலும்.

அடுத்து, ஏற்பியை எஃப்சி (ஆன்டிபாடியின் அடித்தண்டு) வாலோடு வாங்கியிருந்தால் அது இரட்டையாகவே வரும். டைமராகக்கூடிய பெப்டைடு இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு விலகாமல் நிற்கும், உண்மையான பிணைப்பைவிடப் பல மடங்கு பலமாகக் காட்டும். வாலில்லாத ஒற்றை ஏற்பியில் அளந்து ஒப்பிடுங்கள்.

மூன்றாவது வெறும் கணக்கு. செல் சோதனைகளில் ஈஜிஎஃப் மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் போடுவது பழக்கமாகிவிட்டது. அது ஏறத்தாழ 16 நானோமோலார். ஏற்பியோடு அதன் பிணைப்பு மாறிலி 2 நானோமோலார் என்று வைத்தால், உங்கள் பெப்டைடின் பாதித்தடுப்புச் செறிவு அதன் உண்மையான மாறிலியைப்போல் 9 மடங்காகத் தெரியும். மைக்ரோமோலார் அளவில்தான் ஒட்டும் பலவீனமான பெப்டைடுக்கு இது மரண அடி. ஈஜிஎஃப்பை 10 நானோகிராமாகக் குறைத்தால் அந்த 9 என்பது 1.8 ஆகிவிடும்.

மூன்றும் சரியென்றால், பெப்டைடு ஒட்டும் இடமே வேறு. அது தோல்வி என்று சொல்ல மாட்டேன். மருந்தைக் குறிவைத்துக் கொண்டுசேர்க்கும் வால்துண்டாக அதைப் பயன்படுத்தலாம். தடுப்பான் என்ற பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: தடுக்க வேண்டிய பெப்டைடு ஏற்பியை எழுப்பிவிடுகிறது

வெஸ்டர்ன் பிளாட் என்ற புரதச் சோதனையில், ஏற்பி விழித்திருப்பதைக் காட்டும் பாஸ்போ டைரோசின் பட்டை மங்குவதற்குப் பதில் பளிச்சிடும். முதல்முறை பார்ப்பவர்கள் குழாய்கள் இடம் மாறிவிட்டன என்றே நினைப்பார்கள். இதற்கு நல்ல முன்னுதாரணம் புற்றுநோய்க்கு வெளியே இருக்கிறது. 1996-இல், சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் ஹார்மோனின் ஏற்பிக்கு எதிராக ஃபாஜ் முறையில் 20 அமினோ அமிலப் பெப்டைடு ஒன்று கிடைத்தது. இயற்கையான ஹார்மோனோடு வரிசை ஒற்றுமை எதுவும் இல்லை. ஆனாலும் இரண்டு பெப்டைடுகள் தமக்குள் சேர்ந்து, இரண்டு ஏற்பிகளை அருகே இழுத்து, ஹார்மோன் செய்யும் வேலையைச் செய்தன. பிறகு அதில் ஒரு டைரோசினில் இரண்டு புரோமின் அணுக்களை ஏற்றியபோது அதே பெப்டைடு தடுப்பானாக மாறியது. வேடிக்கை என்னவென்றால், படிகத்தில் அப்போதும் ஏற்பிகள் இரட்டையாகவே இருந்தன. சேர்ந்த கோணம் மட்டும் வேலைக்கு ஆகாததாக மாறியிருந்தது.

ஆகவே, பெப்டைடு எழுப்பினால் முதல் கேள்வி: அது இரட்டையாகிறதா? சோடி கிடைக்காத ஒற்றைச் சிஸ்டீன் இருந்தால் காற்றே அதை இரட்டையாக்கிவிடும், டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் இன்னும் சீக்கிரம். உறைபெட்டியில் மாதக்கணக்காகத் திறந்து மூடிய குப்பியை மாஸ் ஸ்பெக்கில் ஓட்டுங்கள். சிஸ்டீனைச் செரினாக்கிய மாற்றுவடிவத்தில் எழுப்புதல் நின்றுபோனால் காரணம் உறுதி. இரண்டாவது துப்பு, அளவு வளைவின் வடிவம். நடுச்செறிவில் ஏறி, அதிகச் செறிவில் இறங்கும் மணி வடிவம் வந்தால் இரு கை மூலக்கூறு இரண்டு ஏற்பிகளைப் பாலம் போட்டு இணைக்கிறது என்று பொருள். செறிவு கூடும்போது ஒவ்வோர் ஏற்பிக்கும் தனித்தனி மூலக்கூறு கிடைத்துப் பாலம் கலைகிறது. மெட் என்ற மற்றொரு வளர்ச்சி ஏற்பியிலும் இதே தொல்லை இருந்தது. இரு கை ஆன்டிபாடிகள் அதை எழுப்பிவிட்டதால்தான் ஒனார்ட்டுசுமாப்பை ஒற்றைக் கையோடு செய்தார்கள்.

இதற்கு நேர்மாறான பொறியும் உண்டு, பலரை இது ஏமாற்றியிருக்கிறது. ஏ431 என்ற ஆய்வகப் புற்றுச் செல்லில் ஈஜிஎஃப்ஆர் அளவுக்கு மீறிக் குவிந்திருக்கும், அதனால் எல்லோருக்கும் செல்லப்பிள்ளை. அந்தச் செல்லில் நானோமோலார் அளவு ஈஜிஎஃப்பே வளர்ச்சியைக் குறைத்துவிடும். ஆக, எழுப்பும் பெப்டைடுகூட அங்கே ‘புற்றுநோய்ச் செல்லைத் தடுத்தது’ போலத் தெரியும். ஏ431-இல் செல் எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தடுப்பான் என்று எழுதாதீர்கள். பாஸ்போ அளவைக் காட்டுங்கள். மொத்த ஏற்பியின் பட்டையையும் பக்கத்திலேயே காட்டுங்கள். எழுப்பப்பட்ட ஏற்பியைச் செல் உள்ளே இழுத்துச் சிதைத்துவிடும். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பாஸ்போ பட்டை மங்கியிருப்பது தடுத்ததால் இல்லை, ஏற்பியே தீர்ந்துபோனதால் இருக்கலாம். 5, 10 நிமிடங்களிலும் மாதிரி எடுத்தால் குட்டு வெளிப்படும்.

அறிகுறி: எல்லாச் செல்லும் சாகிறது

மகிழ வேண்டாம். ஏற்பி இல்லாத செல்லில் அதே அளவை ஊற்றுங்கள். சீன வெள்ளெலியின் சினைப்பைச் செல் இதற்கு வசதி, அதில் சொந்த ஈஜிஎஃப்ஆர் கிடையாது. அதுவும் செத்தால், நேர்மின்னூட்டமும் எண்ணெய்ப்பசையும் கலந்த உங்கள் பெப்டைடு சவ்வைக் கிழிக்கிறது. ஏற்பியை மறித்துச் செல்லை அடக்க ஒன்றிரண்டு நாளாவது ஆகும். கிழிப்பது அரை மணியில் தெரிந்துவிடும். வெளியே கசியும் எல்.டி.எச். நொதியை அளந்தாலோ சிவப்பணுக்களோடு வைத்துப் பார்த்தாலோ போதும்.

அறிகுறி: ஏற்பி அடங்கிவிட்டது, செல் சட்டை செய்யவில்லை

இங்கே பெப்டைடு நிரபராதி. செல்லைத் தவறாகத் தேர்ந்திருக்கிறீர்கள். ஏ549, எச்.சி.டி.116 என்ற புற்றுச் செல் வகைகள் இரண்டிலும் கேராஸ் மரபணு மாற்றமடைந்து, ஏற்பிக்குக் கீழேயே விசை நிரந்தரமாகப் போடப்பட்டிருக்கிறது. மேலே கதவைச் சாத்தி என்ன பயன்? பெருங்குடல் புற்றுநோயில் கேராஸ் மாற்றம் உள்ளவர்களுக்கு, ஈஜிஎஃப்ஆரை மறிக்கும் செடுக்சிமாப் மருந்து பலன் தராததற்கும் இதுவே காரணம். எச்1975 செல்லில் எல்858ஆர், டி790எம் என்ற இரண்டு மாற்றங்களும் கைனேஸிலேயே இருப்பதால் ஈஜிஎஃப் வந்தாலும் வராவிட்டாலும் அது விழித்திருக்கும். மூளைக்கட்டிகளில் காணப்படும் ஈஜிஎஃப்ஆர் மூன்றாம் வகை மாற்றுருவில் 267 அமினோ அமிலங்கள் காணாமல் போயிருக்கும், முதல் பகுதியின் பெரும்பங்கும் அதில் அடக்கம். முதல் பகுதியைக் குறிவைத்த பெப்டைடுக்கு அங்கே உட்கார இடமே இல்லை.

செல்லும் சரிதான் என்றால் போட்டியாளர்களை எண்ணுங்கள். இந்த ஏற்பிக்கு ஈஜிஎஃப் மட்டும் சொந்தமில்லை. மொத்தம் ஏழு வளர்ச்சிக் காரணிகள் இருக்கின்றன, பல புற்றுச் செல்கள் அவற்றில் சிலவற்றைத் தாமே சுரந்து தாமே குடிக்கும். மெட், ஹெர்3 என்ற வேறு ஏற்பிகள் வழியாகச் செல் சுற்றிப் போகிறதா என்று அவற்றின் பாஸ்போ அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: சீரம் இல்லாமல் வேலை செய்கிறது, சீரம் சேர்த்தால் பெப்டைடு செயலிழந்துபோகிறது

இரண்டு காரணங்கள் ஒரே முகத்தோடு வரும். ஒன்று, நொதிகள் வெட்டுகின்றன. மற்றொன்று, இரத்தப் புரதமான ஆல்புமின் பெப்டைடைக் கட்டிப்பிடித்து வைத்துக்கொள்கிறது. பிரித்தறிய, பெப்டைடைச் சீரத்தோடு 37 டிகிரியில் வைத்து 0, 5, 15, 60, 240 நிமிடங்களில் மாதிரி எடுத்து, அசிட்டோநைட்ரைல் சேர்த்துப் புரதத்தை வீழ்த்தி, மேல்நீரை மாஸ் ஸ்பெக்கில் ஓட்டுங்கள். சுழி நிமிடத்திலேயே பாதி காணோம் என்றால் அது சிதைவில்லை. வீழ்ந்த புரதத்தோடு பெப்டைடும் போய்விட்டது. நேரம் ஆக ஆகக் குறைந்து, சிறு துண்டுகள் தோன்றினால்தான் வெட்டு. சீரத்துக்குப் பதில் ஈ.டி.டி.ஏ. கலந்த பிளாஸ்மாவில் சோதித்துவிட்டு ‘நிலைத்திருக்கிறது’ என்று எழுதுபவர்கள் உண்டு. உலோகம் தேவைப்படும் நொதிகளை அந்த ஈ.டி.டி.ஏ. முடக்கிவைத்திருக்கும், பிறகு நிலைக்காமல் என்ன செய்யும்?

துண்டுகளின் எடையிலிருந்து வெட்டு விழும் பிணைப்பைக் கண்டுபிடித்து, அந்த ஓர் இடத்தை மட்டும் மூடுங்கள். லைசின், ஆர்ஜினினுக்குப் பின்னே வெட்டு விழுந்தால் டிரிப்சின் ரகம். ஃபினைல்அலனின், டைரோசின், டிரிப்டோஃபானுக்குப் பின்னே என்றால் கைமோடிரிப்சின் ரகம். முனைகள் கொறிக்கப்பட்டால் அசிட்டைலும் அமைடும் போதும். உள்ளே என்றால் ஆல்பா மெத்தில் வடிவம், முதுகெலும்பு நைட்ரஜனில் மெத்தில், அல்லது டி வடிவ (கண்ணாடிப் பிம்ப) அமினோ அமிலம். ஜி.எல்.பி.-1 ஹார்மோனுக்கு இரத்தத்தில் அரைவாழ்வு ஏறத்தாழ இரண்டு நிமிடம்தான். எட்டாம் இடத்தில் ஏஐபி என்ற அமினோ அமிலத்தை வைத்து, ஆல்புமினைப் பிடிக்கும் கொழுப்புச் சங்கிலியையும் மாட்டி, இன்னும் ஒரு சிறு மாற்றமும் செய்த செமாக்ளூடைடுக்கு அரைவாழ்வு ஏறத்தாழ ஒரு வாரம். அங்கே ஆல்புமின் எதிரியாக இல்லை, வாகனமாக இருக்கிறது. ஆனால் அது நானோமோலாருக்கும் கீழே வேலை செய்யும் மூலக்கூறு என்பதை மறக்காதீர்கள். மைக்ரோமோலார் பெப்டைடுக்குக் கொழுப்பு மாட்டினால், விடுபட்டு மிதக்கும் பங்கு போதாமல் போய்விடும்.

முழு வரிசையையும் டி வடிவத்தில் தலைகீழாகச் செய்தால் எல்லாம் சரியாகும் என்ற யோசனையை நான் பரிந்துரைப்பதில்லை. பக்கச்சங்கிலிகள் ஏறத்தாழ அதே இடத்தில் நிற்கும் என்பது நீண்டு கிடக்கும் பெப்டைடுக்குப் பொருந்தலாம். சுருளாக ஒட்டும் பெப்டைடில் திருகே எதிர்ப்பக்கம் திரும்பிவிடும்.

அறிகுறி: செல்லுக்குள் பெப்டைடு ஒளிர்கிறது, கைனேஸ் அசையவில்லை

சவ்வை ஒட்டிய உட்பகுதியைக் குறிவைத்து, ஹைட்ரோகார்பன் கொக்கி போட்ட சுருள் பெப்டைடுகளில் இது வழக்கம். நுண்ணோக்கியில் புள்ளி புள்ளியாக ஒளிர்ந்தால் அது எண்டோசோம் பைக்குள் சிறைப்பட்டிருக்கிறது. கைனேஸ் இருப்பதோ பைக்கு வெளியே. சீராகப் பரவி ஒளிர்ந்தாலும் நம்புவதற்கு முன் கேளுங்கள்: செல் உயிரோடு இருந்ததா, பதப்படுத்தப்பட்டதா? பதப்படுத்தும்போது பெப்டைடு உள்ளே கசிந்து பரவும் என்பது 2003-இலேயே தெரிந்த விஷயம். உயிருள்ள செல்லைப் பாருங்கள், அதற்கு முன் டிரிப்சினால் கழுவி வெளிப்புறம் ஒட்டியதை அகற்றுங்கள்.

அறிகுறி: எலியில் கட்டி வளர்ந்துகொண்டே போகிறது

இரண்டாயிரம் டால்டன் மூலக்கூறைச் சிறுநீரகம் சிறிது நேரத்தில் வடிகட்டித் தள்ளிவிடும், நொதிகள் தொடாவிட்டாலும்கூட. ஊசி போட்ட ஒரு மணி நேரத்தில் இரத்தத்தில் எவ்வளவு இருந்தது என்ற எண் இல்லாமல் ‘எலியில் பலனில்லை’ என்ற வாக்கியத்தை எழுதவே கூடாது. எலியின் சொந்த ஈஜிஎஃப்ஆரை உங்கள் பெப்டைடு பிடிக்கிறதா என்றும் அளந்துவையுங்கள். மனித ஏற்பியை மட்டுமே பிடித்தால், எலியின் தோல் பளபளவென்று இருப்பதைப் பாதுகாப்பின் அடையாளமாக எடுத்துக்கொள்ள முடியாது. இந்த ஏற்பியை மறிக்கும் மருந்துகளில் வரும் தோல் தடிப்பு, தோலிலுள்ள அதே ஏற்பி மறிக்கப்படுவதால் வருவது.